ஐந்தாம் தேதி, வெள்ளிக்கிழமை

ஃபேனைப் போட முடியாது. போட்டால் அது சும்மா சுற்றுகிற ஜாதியில்லை, சுற்றுக்கு ஒரு தடவை ‘கிடுக்’ என்று ஒரு சத்தம் போடும், அந்தச் சத்தம் கீழ்வீடு வரைக்கும் கேட்கிறது என்று ஹவுஸ் ஓனரம்மா கனகவல்லியே ஒரு முறை சொல்லியிருக்கிறாள். ஆகவே தில்லைநாயகம் ஃபேனைப் போடாமல், லைட்டைப் போடாமல், ஜன்னலையும் சாத்திக்கொண்டு, தன்னுடைய வீட்டில், தன்னுடைய என்று எப்படிச் சொல்வது, சம்பளத்தில் பாதிக்கு மேல் மாதாமாதம் அள்ளிக் கொடுத்துக் குடியிருக்கிற வீட்டில், படுக்கையறைத் தரையில், பீரோவில் முதுகைச் சாய்த்து, செருப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். செருப்பை வாசலில் விட்டால் ஆள் இருப்பது தெரிந்துவிடும். கட்டிலில் உட்காரலாம்தான், ஆனால் கட்டில் ஃபேனுக்கு அண்ணன், அசைந்தால் போதும், ஊரைக் கூட்டிவிடும். குரோம்பேட்டையில் இந்த நேரத்துக்கு எந்த ஆம்பிளை இப்படி இருட்டில் மடியில் செருப்போடு உட்கார்ந்திருப்பான் என்று அவனுக்கே ஒரு சிரிப்பு வந்தது. சிரித்தால் சத்தம் வரும் என்று அதையும் அடக்கிக்கொண்டான். மூக்கு நுனியில் ஒரு துளி வியர்வை திரண்டு, விழலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. துடைக்கக் கையைத் தூக்கினால் சட்டைப் பையில் இருக்கிற சாவிக்கொத்து குலுங்கும். விழுந்துவிட்டுப் போகட்டும். மனைவி மங்கை மொட்டைமாடியில் துணி எடுத்துக்கொண்டிருக்கிறாள். ஓனரம்மா எந்த நிமிஷமும் மேலே வருவாள். ஐந்தாம் தேதி வந்தால் வாடகைக்கு அவள்தான் வருவாள், அவள் வீட்டுக்காரர் ஒருநாளும் படியேறியதில்லை.

வாடகை இல்லை. அவ்வளவுதான் விஷயம். இதை எத்தனை விதமாகத் திருப்பிப் போட்டுப் பார்த்தாலும் அடியில் கிடப்பது அந்த ஒரு வாக்கியம்தான். தோல் பை தைத்துக் கப்பலேற்றுகிற கம்பெனியில் அவன் பேக்கிங் சூப்பர்வைசர். அங்கே மாதக் கடைசியில் சம்பளம் வந்துவிடும், வந்துகொண்டுதான் இருந்தது, இந்த மாதம் வரவில்லை. வெளிநாட்டுப் பார்ட்டி பணம் அனுப்பவில்லையாம். மேனேஜர் எல்லோரையும் கூப்பிட்டு, நாமெல்லாம் ஒரே குடும்பம் என்றார். அந்த வார்த்தையைக் கேட்டதுமே தில்லைநாயகத்துக்கு விஷயம் புரிந்துவிட்டது. பணம் வருகிற மாதத்தில் யாரும் குடும்பம் என்று சொல்வதில்லை. எப்போது சார் வரும் என்று தையல் பிரிவுப் பெண் ஒருத்தி கேட்டாள், பாவம், கைக்குழந்தைக்காரி. வந்துரும்மா என்றார் மேனேஜர். அந்த ‘வந்துரும்மா’ இருக்கிறதே, அதைக் கேட்டபோது தன் குரலைத் தானே கேட்பது மாதிரி இருந்தது. இன்று காலையில் மாடிப்படி திரும்புகிற இடத்தில், கோலம் போட்டுவிட்டு நிமிர்ந்த ஓனரம்மா ஒன்றுமே கேட்கவில்லை. வெறுமே பார்த்தாள். பார்த்ததுதான் தாமதம், அவன் வாய் முந்திக்கொண்டது. “சாயங்காலம் வந்துரும்க்கா, தந்துடறேன்.” யார் கேட்டது? யாரும் கேட்கவில்லை. அவன் வாய்க்கு அது பழக்கம். எதிரில் ஒரு முகம் லேசாகச் சுருங்கினால் போதும், அந்தச் சுருக்கத்தை நீவிவிடுவதற்காக என்ன வேண்டுமானாலும் சொல்லிவிடும், சாயங்காலம், நாளைக்கு, திங்கட்கிழமை கண்டிப்பாக. சொன்ன நிமிஷத்தில் எதிராளி முகம் மலரும். அந்த மலர்ச்சிக்காகவே சொல்வது. பிறகு சாயங்காலம் என்று ஒன்று நிஜமாகவே வந்து நிற்கும்போதுதான் தொல்லை. இதை மங்கையிடம் அவன் சொல்லவில்லை. மத்தியானமே வேலையில்லை என்று கம்பெனியில் அனுப்பிவிட்டார்கள், வண்டியில் பெட்ரோல் இல்லை, அங்கேயே நிறுத்திவிட்டு ரயிலில் வந்து இறங்கி அவளைப் போனில் கூப்பிட்டபோது, அவள் சொன்னது இது மட்டும்தான்: “ஓனரக்கா வந்தா நான் பேசிக்கறேன். நீங்க ரூமுக்குள்ள இருங்க. வெளியே வந்து எதையாவது ஒத்துக்காதீங்க.” ஒத்துக்கொண்டாயிற்று அம்மா, காலையிலேயே ஒத்துக்கொண்டாயிற்று என்று அவன் போனில் சொல்லியிருக்கலாம். சொன்னால் அவள் முகம் சுருங்கும். போனில் முகம் தெரியாது, இருந்தாலும் சுருங்கும்.

சாதாரண மாதமாக இருந்தால் இரண்டு நாள் முன்னே பின்னே ஆனால் என்ன, ஓனரம்மா முணுமுணுத்துவிட்டுப் போவாள். இது சாதாரண மாதமில்லை. பதினோரு மாத அக்ரிமெண்ட் இந்த மாதத்தோடு முடிகிறது. ஓனரம்மாவின் அண்ணன் மகனுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது, அந்தப் பையன் வாரத்துக்கு ஒரு முறை வந்து கீழே அத்தையிடம் காப்பி குடித்துவிட்டு, மேலே அண்ணாந்து பார்த்துவிட்டுப் போகிறான். அவன் பார்க்கிற பார்வையே ஜன்னலுக்கு ஸ்கிரீன் அளவெடுக்கிற பார்வையாக இருக்கிறது. இந்த வீடு போனால் என்ன ஆகும் என்று யோசிக்கக் கூடாது என்று தில்லைநாயகம் தீர்மானம் செய்துகொண்டான், செய்துகொண்ட கையோடு யோசிக்க ஆரம்பித்தான். புது வீட்டுக்கு அட்வான்ஸ். இங்கே கிடக்கிற அட்வான்ஸை ஓனரம்மா வெள்ளையடிக்க இவ்வளவு, உடைந்த பைப்புக்கு இவ்வளவு என்று கழித்துக்கொண்டு எப்போது தருவாளோ. புரோக்கருக்கு ஒரு மாத வாடகை. சாமான் ஏற்ற வண்டி. இந்தப் பக்கத்தில் இந்த வாடகைக்கு இனிமேல் மாடிப்படிக்கு அடியில்தான் கிடைக்கும், இல்லையென்றால் வண்டலூர் தாண்டிப் போக வேண்டும், தாண்டிப் போனால் மகள் இசைவாணியின் பள்ளிக்கூடம் என்னாவது. அவள் பள்ளிக்கூடத்து பேண்டு வாத்தியக் குழுவில் டிரம் அடிக்கிறாள், இன்றைக்குக்கூட விளையாட்டு விழாவுக்கு ஒத்திகை என்று இருந்துவிட்டாள், நல்லவேளை, இல்லாவிட்டால் அவளையும் இங்கே தரையில் உட்காரவைத்து உஷ் என்று சொல்ல வேண்டியிருந்திருக்கும். ஒன்பது வயசுப் பிள்ளைக்கு அப்பன் ஏன் ஒளிந்திருக்கிறான் என்று எப்படிச் சொல்வது. ஏதோ ஒரு கொசு காதோரம் வந்து பாடியது. அடித்தால் சத்தம். கடித்துக்கொள், உனக்காவது இந்த வீட்டில் வாடகை இல்லாமல் ஏதாவது கிடைக்கட்டும் என்று விட்டுவிட்டான்.

ஆனால் மங்கை இருக்கிறாள். அந்த நினைப்பு வந்ததுமே மூச்சு கொஞ்சம் நிதானமாக வந்தது. மங்கையர்க்கரசி என்று பெயர் வைத்த அவள் அப்பா எதை எண்ணி வைத்தாரோ, அரசி கையில் கஜானா மட்டும் என்றைக்கும் சிக்கவில்லை. மாதக் கடைசியில் அவள் நடத்துகிற ராஜ்ஜியத்தை நிதி மந்திரிகள் வந்து பார்த்துவிட்டுப் போகலாம். காய்கறி தீர்ந்த நாளில், புளியைக் கரைத்துவிட்டு, கடைசி வெங்காயத்தை வட்டம் வட்டமாக நறுக்கிப் போட்டு, சோற்றைக் கொட்டிக் கிளறி, மேலே நாலு வறுத்த வேர்க்கடலையைத் தூவி, ‘ரயில் சாதம்’ என்று ஒரு பெயர் வைத்தாள். வெங்காய வட்டம்தான் சக்கரமாம். இப்போது மகள் மாதம் பிறந்த புதிதில், வீட்டில் கத்திரிக்காயும் முருங்கைக்காயும் இருக்கிறபோதுகூட, ரயில் சாதம் பண்ணும்மா என்று அழுகிறாள். அதே பிள்ளைக்கு அவன் சமைத்திருந்தால் அது மாதக் கடைசிச் சோறாகவே இருந்திருக்கும். பிறகு, ஆவணி மாதக் கல்யாணங்கள். வரிசையாகப் பத்திரிகை வந்து விழும், மொய்க் கவருக்கு எங்கே போவது. உடம்பு சரியில்லை என்று சொல்லிவிடலாமா என்பான் அவன். மங்கை போவாள், முதல் ஆளாகப் போவாள், போய் நேராகத் தாம்பூலப் பை போடுகிற இடத்தில் உட்கார்ந்துவிடுவாள். தேங்காய், வெற்றிலை, பாக்கு, மஞ்சள், பை பையாக, முகூர்த்தம் முடிந்து கடைசி விருந்தாளி போகிற வரைக்கும். பெண்ணைப் பெற்றவள் வந்து, நீ இல்லேன்னா நாங்க என்ன பண்ணியிருப்போம் என்று கையைப் பிடித்துக்கொள்வாள். அந்தக் கல்யாணத்தில் மொய் எழுதியவர்கள் பெயரெல்லாம் மறந்துபோகும், மங்கை பெயர் மறக்காது. எப்படித்தான் இந்த மூளை வேலை செய்கிறதோ. தான் மட்டும் என்ன செய்தோம் அந்தக் கல்யாணத்தில், மூன்றாவது பந்தி வரைக்கும் காத்திருந்து, மொய் எழுதுகிறவர் எழுந்து கைகழுவப் போன நேரம் பார்த்து, மேடைக்குப் போய்ச் சிரித்துவிட்டு இறங்கிவந்தோம். புகைப்படத்தில் அந்தச் சிரிப்பு இன்னும் இருக்கிறது, திருடன் கையில் விளக்கைக் கொடுத்த மாதிரி.

இந்த வீடே அவள் பிடித்த வீடுதான். புரோக்கர் கடைசியாகக் காட்டினான், மற்ற வீடுகளில் வாடகையைக் கேட்டதும் இவர்கள் இரண்டு பேரும் காப்பியைக்கூடக் குடிக்காமல் எழுந்துவந்த அன்றைக்கு. இது தெற்குப் பார்த்த வாசல். தெற்கு வாசலென்றால் குடிவர ஆட்கள் தயங்குகிறார்கள், ரொம்ப நாளாகப் பூட்டிக் கிடந்தது. கனகவல்லி முதல் கேள்வியாக எத்தனை பேர் என்றாள், இரண்டாவதாகச் சொந்தக்காரர்கள் வந்து தங்குவார்களா என்றாள், வருவார்கள், தங்க மாட்டார்கள், இடம் இல்லை என்று பார்த்தால் அவர்களுக்கே தெரியுமே என்றாள் மங்கை. ஓனரம்மா சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பு ஓய்வதற்குள் மங்கை வாடகையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டாள், தெற்கு வாசலுக்கு எங்களுக்குப் பயமில்லை, வாடகைக்குத்தான் பயம் என்று. ஆயிரம் ரூபாய் குறைந்தது. அவன் பக்கத்தில் நின்றுகொண்டு, கேட்டதைக் கொடுத்துவிடுகிறோம் என்று சொல்ல வாயெடுத்தவன், அவள் முழங்கை இடுப்பில் பட்டதும் நிறுத்திக்கொண்டான். அன்றைக்கு வீட்டுக்குப் போகிற வழியில் அவள் கைப்பையை அவன் தூக்கிக்கொண்டு நடந்தான். அதைவிட வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

மாடிப்படியில் கொலுசுச் சத்தம். மங்கையுடையது. அதன் பின்னால் இன்னொரு காலடி, ரப்பர் செருப்பு, ஒரு கால் கனமாக, ஒரு கால் லேசாக. முட்டிவலிக்காரி. வந்துவிட்டாள். தில்லைநாயகத்தின் நெஞ்சு டிரம் அடித்தது, இருந்தாலும் அவன் பயப்படவில்லை, கொஞ்சம்தான் பயந்தான், ஏனென்றால் இன்றைக்கு அவனும் ஒரு காரியம் செய்திருந்தான். வீட்டுக்குள் நுழைந்ததும் தோன்றியது. இன்றைக்கு வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை விளக்கு வைத்த பிறகு வீட்டிலிருந்து காசு வெளியே போகக் கூடாது, லட்சுமி போய்விடுவாள். காசு என்ன, உப்பு கேட்டாலே பக்கத்து வீட்டுக்கு யாரும் தர மாட்டார்கள். ஓனரம்மா இந்த மாதிரி விஷயங்களில் ரொம்பக் கெட்டி. விளக்கு எரிவதைப் பார்த்துவிட்டாளானால் வாடகையை வாயால்கூடக் கேட்க மாட்டாள். வெயில் இன்னும் முழுசாக இறங்கவில்லை, அதனால் என்ன, சீக்கிரம் வைத்தால் லட்சுமி வேண்டாமென்றா சொல்லப்போகிறாள். மங்கை மாடியில் இருந்தாள். அவன் தானே பூஜை அலமாரியிலிருந்து காமாட்சி விளக்கை எடுத்துத் துடைத்து, எண்ணெய் ஊற்றி, திரி போட்டு ஏற்றினான். வாசலில் கால் வைத்த உடனே கண்ணில் பட வேண்டும், பக்கவாட்டில் இருந்தால் பார்க்காமல் போய்விடுவாள் என்று விளக்கை வாசலைப் பார்க்கத் திருப்பியும் வைத்தான். ஊதுபத்திகூட ஒன்று. பத்து வருஷத்தில் முதல் தடவையாக, மங்கை பாணியில் தானும் ஒன்றைச் சமாளித்துவிட்டோம் என்ற பெருமையோடுதான் அவன் இந்த இருட்டுக்குள் வந்து உட்கார்ந்தது. அவள் வந்து பார்த்து, அட, இவருக்கும் மூளை இருக்கிறதே என்று நினைக்க வேண்டும்.

ஹாலில் காலடி நின்றது. “என்ன மங்கை, அதுக்குள்ள வெளக்கு வச்சுட்டியா?” என்றது கனகவல்லியின் குரல். பட்டது, கண்ணில் பட்டது. துணி மூட்டையை நாற்காலியில் போடுகிற சத்தம், மங்கை தண்ணீர் எடுக்க அடுப்படிக்குப் போகிற சத்தம். பிளாஸ்டிக் நாற்காலி முனகியது. “தம்பி காலையில படியில நின்னு சொன்னாரு, சாயங்காலம் வாடகை தந்துடறேன்னு. அதான் ஏறி வந்தேன், இந்த முட்டிய வச்சுக்கிட்டு.” தில்லைநாயகம் கண்ணை மூடிக்கொண்டான், ஏற்கெனவே இருட்டு, இருந்தாலும் மூடிக்கொண்டான். அடுப்படியில் தம்ளர் ஒரு கணம் எதன் மேலும் வைக்கப்படாமல் அந்தரத்தில் நின்றதை அவனால் கேட்க முடிந்தது. மங்கைக்கு இப்போதுதான் தெரிகிறது. “அப்படியா சொன்னாரு” என்றாள் அவள், கேள்வியாக இல்லை. “ஆமா. வெள்ளிக்கிழமை கைக்கு வந்தா எங்க வீட்டுக்கும் நல்லதுன்னு நெனச்சுக்கிட்டு வந்தேன். நீ வெளக்கே வச்சுட்ட. இனிமே எங்க குடுக்கறது, நான்தான் எங்க வாங்கறது” என்று அலுத்துக்கொண்டாள் ஓனரம்மா. ஜெயித்துவிட்டது. தில்லைநாயகத்துக்குத் தரையிலிருந்து நாலு அங்குலம் மேலே போன மாதிரி இருந்தது. ஆமாக்கா, விளக்கு வச்சாச்சு, அப்புறம் பாக்கலாம், என்று மங்கை ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஒரே ஒரு வார்த்தை, சனி ஞாயிறு ஓடிவிடும், அதற்குள் வெளிநாட்டுப் பார்ட்டிக்கு மனசு இளகாதா. சொல்லு மங்கை. அவள் சொல்வதற்குள் நாற்காலி மறுபடியும் முனகியது. “இரு இரு” என்றாள் கனகவல்லி, குரல் மாறியிருந்தது. “இது என்ன, தெக்கப் பாத்து எரியுது?”

வாசல் தெற்கு. விளக்கை வாசலைப் பார்க்கத் திருப்பினான். தெற்கு. அவனுக்குள் ஏதோ ஒன்று படியில் உருண்ட தேங்காய் மாதிரி கீழே கீழே போய்க்கொண்டிருந்தது. தெற்குப் பார்த்து விளக்கு ஏற்றுவது துக்க வீட்டில், செத்தவர்களுக்கு. இது தெரியாதவனா அவன், கல்யாணமாகி வந்த நாளிலிருந்து மங்கை கிழக்கே பார்த்துத்தான் வைக்கிறாள், தினமும் பார்க்கிறான், பார்த்துப் பார்த்துத்தான் ஒன்றையும் பார்க்கவில்லை. “எமன் தெச. என் வீட்டுக்குள்ள, வெள்ளிக்கெழமையும் அதுவுமா. ஒரு பொம்பள வச்ச வெளக்கா இது? நீ மாடியில இல்ல இருந்தே, யாரு வச்சது?” என்றாள் கனகவல்லி. அவள் குரலில் கோபத்தைவிடப் பயம் அதிகமாக இருந்தது. இனி வாடகை ஒரு பொருட்டே இல்லை, இந்த ஒன்றுக்காகவே காலி பண்ணச் சொல்வாள், அண்ணன் மகன் நாளைக்கே ஸ்கிரீன் துணி வாங்கிக்கொண்டு வந்துவிடுவான். இப்போது மங்கை என்ன சொல்வாள் என்று தில்லைநாயகத்துக்குத் தெரியும். பாப்பா வச்சிருப்பாக்கா, விளையாட்டுப் பிள்ளை. அவ்வளவுதான், முடிந்தது, ஒன்பது வயசுப் பிள்ளையை யார் கோபிக்க முடியும். அவள் சொல்வதற்கு முன்னாலேயே அந்தப் பதிலுக்காக அவளை மெச்சிக்கொண்டு, காதைக் கதவுப் பக்கம் நீட்டிக்கொண்டு காத்திருந்தான். “அவர்தான் வச்சாரு” என்றாள் மங்கை. “சம்பளம் வரலக்கா. அவரு சாயங்காலம்னு சொன்னது எனக்குத் தெரியாது. உங்க மொகத்தப் பாக்க வெக்கப்பட்டுக்கிட்டு உள்ளதான் உக்காந்திருக்காரு. அதுவும் நான் சொல்லித்தான். அது என் தப்பு.” மூக்கு நுனித் துளி அப்போதுதான் விழுந்தது.

அந்த இருட்டில், முதலில் வந்தது கோபம், இப்படியா காட்டிக்கொடுப்பாய் என்று. கோபம் பாதி வழியிலேயே நின்றுபோனது, ஏனென்றால் அவன் பழையதையெல்லாம் தேடிப் பார்த்தான், மங்கை எப்போது பொய் சொன்னாள் என்று. கிடைக்கவில்லை. மளிகைக் கடையில், அண்ணே, சம்பளம் வர்ற வரைக்கும் காசு இல்ல, அரை கிலோ பருப்பு குடுங்க என்று எல்லோர் காதிலும் விழும்படிதான் கேட்பாள், அவன்தான் பத்தடி தள்ளி நின்று எதிர் வீட்டு மாடித் தோட்டத்தை ரசித்துக்கொண்டிருப்பான். போனுக்குக் காசு போடவில்லை என்று அக்காவிடம் அவளே சொன்னாள், டவர் கிடைக்கலை என்று சொன்னது அவன். ரயில் சாதத்தைக்கூட மகளிடம் என்ன சொல்லிப் போட்டாள்? காய் வாங்கக் காசு இல்ல கண்ணு, வா, ரயில் விடலாம் என்றுதான். அதை அவன் சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டிருந்தான், மூளை என்று, தந்திரம் என்று. தந்திரமெல்லாம் இவனுடையது. அவள் செய்தது ஒன்றே ஒன்றுதான், இல்லை என்பதை இல்லை என்று சொல்லிவிட்டு, அதற்குப் பிறகும் நிமிர்ந்து நின்றாள். இது தெரியாமல் பத்து வருஷமாக அவளைத் தப்பான காரணத்துக்குப் பாராட்டிக்கொண்டு வந்திருக்கிறான். வெளியே கனகவல்லி, “மொதல்ல அதத் திருப்பி வை” என்றாள். மங்கை திருப்பி வைத்திருக்க வேண்டும், விளக்கு பலகையில் உரசுகிற சத்தம் கேட்டது. பிறகு ஓனரம்மா, “எங்கண்ணன் மவன் ரெண்டாயிரம் கூடத் தர்றேங்கிறான். நான் இன்னும் வாயத் தொறக்கல” என்றாள். “தெரியும்க்கா” என்றாள் மங்கை. “எங்களால கூட்டித் தர முடியாது. சம்பளம் வந்த அன்னிக்கே நான் கொண்டாந்து தருவேன். எந்தத் தேதின்னு தெரியாது, தெரியாததச் சொல்ல மாட்டேன். வீட்ட அவருக்குத்தான் குடுக்கணும்னா இப்பவே சொல்லிடுங்க. பாப்பாவுக்கு ஸ்கூல் நடுவுல இருக்கு, நாங்க தேடணும்.” குரல் நடுங்கவில்லை. ‘தேடணும்’ என்கிற இடத்தில் மட்டும் கொஞ்சம் தேய்ந்தது.

“தம்பி, வெளிய வாங்க, உள்ள வெந்து போயிருப்பீங்க” என்று கனகவல்லி கூப்பிட்டாள். அவன் வந்தான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது, கையில் செருப்பு, அதைக் கீழே போடவும் தோன்றவில்லை. ஓனரம்மா செருப்பைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள். “காலையில எத நம்பிச் சொன்னீங்க?” என்றாள். அவன் வாயில் திங்கட்கிழமை தயாராக வந்து நின்றது. மங்கை அவனைப் பார்க்கவில்லை, துணிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “எதையும் நம்பலக்கா” என்றான். “உங்களப் பாத்ததும் தானா வந்துருச்சு.” கனகவல்லியின் வாய் ஓரம் இழுத்துக்கொண்டது, சிரிப்பா வெறுப்பா என்று தெரியவில்லை. “எங்க வீட்டுலயும் ஒருத்தர் இருக்காரு, வாடகை கேட்டு வாங்கிட்டு வாங்கன்னா பேப்பரத் தூக்கிக்கிட்டு உள்ள போயிருவாரு. மேல ஒண்ணு, கீழ ஒண்ணு” என்று சொல்லிக்கொண்டே முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். மங்கை நீட்டிய குங்குமத்தை எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டாள். வாசலில் நின்று, இருவரையும் விட்டுவிட்டுச் சுவரைப் பார்த்துச் சொன்னாள்: “எங்கண்ணன் மவனுக்கு வரப்போறவ எப்படியிருப்பாளோ, எனக்குத் தெரியாது. இவளத் தெரியும். சம்பளம் வந்ததும் குடு. அக்ரிமெண்ட்டுக்கு எங்க வீட்டுக்காரர விட்டுப் பத்திரம் வாங்கி வைக்கச் சொல்றேன். தையிலேருந்து ஐந்நூறு கூட. அதுக்குக் கொறச்சு முடியாது.” ஒரு கால் கனமாக, ஒரு கால் லேசாக, இறங்கிப் போனாள். வீடு நின்றது. தில்லைநாயகத்துக்கு ஹால் சுவர், அதில் மகள் கிரேயானால் கிறுக்கிய கோடு, ஓதம் பூத்த மூலை, எல்லாவற்றையும் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது.

மங்கை துணி மடிக்க ஆரம்பித்திருந்தாள். அவன் பக்கத்தில் போய் நின்றான். “நீ இல்லேன்னா நான் என்ன ஆவேன் மங்கை” என்றான். மனசறிந்துதான் சொன்னான், இந்தத் தடவை சரியான காரணத்துக்காகவும் சொன்னான். அவள் பாவாடையை உதறினாள், நான்காக மடித்தாள். “இத நீங்க மாசா மாசம் சொல்றீங்க” என்றாள். “பெருமையாத்தானே சொல்றேன்.” “பெருமை இருக்கட்டும்.” அவள் நிமிர்ந்து பார்த்தாள். கண் சிவந்திருந்தது, அழுத சிவப்பா வெயிலில் நின்ற சிவப்பா என்று கேட்க அவனுக்குத் தைரியம் வரவில்லை. “எனக்கும் ஒரு நா உள்ள போய் உக்காந்துக்கணும்போல இருக்குங்க. யாராச்சும் வந்து கேக்கட்டும். நீங்க பேசுங்க. நான் கதவச் சாத்திக்கிட்டு உக்காந்துக்கறேன்.” கோபமாகச் சொல்லியிருந்தால் அவன் ஏதாவது பதில் சொல்லியிருப்பான். சாதாரணமாக, காப்பி வேணுமா என்கிற குரலில் சொன்னாள். அப்போது கீழே கேட் திறந்தது, படியில் கனத்த காலடி, தோளில் எதையோ சுமந்துகொண்டு ஏறுகிற காலடி. தண்ணீர் கேன் போடுகிறவன். போன மாதம் முழுக்கப் போட்ட கேனுக்கு அவனுக்குத் தர வேண்டியது பாக்கி. மங்கை கையிலிருந்த துணியை நாற்காலியில் வைத்தாள். அவனைத் தாண்டிப் படுக்கையறைக்குள் போனாள். கதவு சாத்திக்கொண்டது.

ஹாலில் அவன் மட்டும் நின்றான். இவ்வளவு பெரிய ஹாலா இது, இத்தனை நாள் கவனிக்கவில்லை. கேனைக் கீழே இறக்கிவைத்துவிட்டு அந்த ஆள் வாசலில் கழுத்தைத் துடைத்துக்கொண்டான். “அக்கா இல்லிங்களாண்ணே? போன மாசக் காசு கேட்டுட்டு வரச் சொன்னாரு மொதலாளி.” நாளைக்கு, என்றது தில்லைநாயகத்தின் நாக்கு, உள்ளுக்குள்ளேயே, ஓடிவந்து பல்லில் முட்டிக்கொண்டு நின்றது. எதிரில் அந்த முகம் சுருங்கக் காத்திருந்தது. சுருங்கட்டும். “அக்கா உள்ள இருக்காங்க. காசு இல்லப்பா” என்றான். “சம்பளம் வரல. எப்ப வரும்னு தெரியாது. வந்ததும் நானே கடைக்கு வந்து தர்றேன்னு சொல்லு.” முகம் சுருங்கத்தான் செய்தது. இரண்டு பேரும் அந்தச் சுருக்கத்தோடேயே கொஞ்ச நேரம் நின்றார்கள். “சரிண்ணே, சொல்றேன்” என்றான் அந்த ஆள், காலிக் கேனைத் தூக்கிக்கொண்டு இறங்கினான். நிறைந்த கேன் வாசலிலேயே இருந்தது. கதவைச் சாத்திவிட்டுத் திரும்பிய தில்லைநாயகம் சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். இத்தனை வருஷமாக ஒவ்வொரு முறையும் இதைச் செய்துவிட்டு, அவள் நேராகப் போய் அடுப்பைப் பற்றவைத்திருக்கிறாள்.